தூரத்தில் இருக்கும் ஃபயர்வாலில் எந்த வெர்ஷன் ஓடுகிறது? பிஎஃப்சென்ஸ் பெட்டிக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வருகிறது, இன்ன வெர்ஷனுக்குக் கீழே இருப்பவர்கள் உடனே அப்டேட் செய்யுங்கள் என்கிறது. உங்கள் ஃபயர்வாலோ வேறு ஊரில், கிளை அலுவலகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஃபேன்கூட இல்லாத கையகலப் பெட்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் இது: இருந்த இடத்திலிருந்து, பெட்டியில் எதையும் மாற்றாமல், ஓடிக்கொண்டிருக்கும் வெர்ஷனை எப்படித் தெரிந்துகொள்வது. பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிசி எஞ்சின்ஸின் ஆலிக்ஸ், ஏபியு, நெட்கேட் 1100 போன்ற சின்னப் பெட்டிகளில் அது பரவலாக ஓடுகிறது, உள்ளே இறங்கிப் பார்க்கவும் நம்மை விடுகிறது.

எதையும் மாற்றாமல் என்பதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். நீங்கள் உள்ளே வருகிற வழியே அந்தப் பெட்டிதான். பார்க்கப் போன இடத்தில் ஒரு ரூலைத் திருத்துவதோ, சும்மா ஒரு ரீபூட் கொடுத்துப் பார்ப்பதோ, உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற வேலை. அதனால் கீழே எங்கெல்லாம் வெறும் வாசிப்பு முடிந்து மாற்றம் தொடங்குகிறதோ, அங்கெல்லாம் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில், எந்த எண் வேண்டும்?

வெர்ஷன் மாதிரி தெரியும் எண்கள் ஒரே பெட்டியில் குறைந்தது நான்கு இருக்கின்றன, குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. முதலாவது பிஎஃப்சென்ஸின் சொந்த வெர்ஷன். இலவசப் பதிப்பில் 2.6.0, 2.7.2 என்று போகும், பிளஸ் பதிப்பில் 2021 முதல் 23.01, 23.09 என்று ஆண்டும் மாதமுமாகப் போகும். இரண்டாவது அடியில் ஓடும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் எண். மூன்றாவது பலகையிலேயே இருக்கும் பயாஸ் அல்லது பூட்லோடரின் எண். நான்காவது, கான்ஃபிக் எக்ஸ்எம்எல் ஃபைலின் தொடக்கத்தில் வெர்ஷன் என்ற பெயரிலேயே இருக்கும் எண், இது அமைப்புகளை எழுதும் முறை எத்தனையாவது திருத்தம் என்பதை மட்டும் சொல்கிறது. பழைய பேக்கப் ஃபைலைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இதுதான் ஃபர்ம்வேர் வெர்ஷன் என்று குறித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது இல்லை.

பாதுகாப்பு அறிவிப்புக்குப் பெரும்பாலும் முதல் எண் போதும். ஆனால் அது உண்மையா என்று சரிபார்க்க இரண்டாவதும் வேண்டும், ஏன் என்று பின்னால் வருகிறது.

எல்லாம் ஒழுங்காக இருந்தால்

விபிஎன் (இணையத்தின் வழியே போகும் மறைகுறியாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக, தூரத்திலிருந்து கமாண்டுகளை ஓட்ட உதவும் எஸ்எஸ்ஹெச்சில் அட்மின் ஆகவோ ரூட் ஆகவோ நுழையுங்கள். மெனு வருவதற்கு முன்பே ஒரு வரவேற்பு வரி வரும், அதிலேயே வெர்ஷன், பிராசஸர் வகை, பெட்டியின் பெயர் மூன்றும் இருக்கும். மெனுவுக்குள் போகக்கூடத் தேவையில்லை. உறுதிப்படுத்த 8 அழுத்தி ஷெல்லுக்குப் போய், இடிசி கோப்புறையில் இருக்கும் வெர்ஷன் என்ற ஃபைலை கேட் கமாண்டால் படியுங்கள், ஒரே வரி. அதன் பக்கத்திலேயே வெர்ஷன் டாட் பில்டுடைம் என்று இன்னொரு ஃபைல் இருக்கும், அது எந்த நாளில் உருவாக்கிய பில்டு என்று சொல்லும். அப்புறம் யுனேம் கமாண்டை மைனஸ் ஏ கொடுத்து ஓட்டினால் கெர்னல் விவரம் முழுவதும் வந்துவிடும்.

பெட்டிகள் பல இருந்தால் ஒவ்வொன்றிலும் நுழைய வேண்டியதில்லை. எஸ்எஸ்ஹெச் கமாண்டின் கடைசியிலேயே படிக்க வேண்டிய கமாண்டை மேற்கோளுக்குள் கொடுத்துவிட்டால், மெனுவைத் தாண்டி அதை மட்டும் ஓட்டிப் பதிலைத் தந்துவிட்டுத் திரும்பிவிடும், அதை ஒரு சின்ன லூப்பில் போட்டால் எல்லாக் கிளைகளின் பட்டியலும் வரிசையாகக் கிடைக்கும். இந்த வேலைக்கு ரூட் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்பது என் கருத்து. யூசர் மேனேஜரில் ஷெல் அனுமதி மட்டும் உள்ள ஒரு தனிக் கணக்கை உருவாக்கி அதற்கு ஒரு கீயைக் கொடுத்தால் போதும், வெர்ஷன் ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இது வேலை செய்தால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. செய்யாதவர்களுக்குத்தான் மீதி.

அறிகுறி: வெளியிலிருந்து எதுவுமே திறக்கவில்லை

வெப் பக்கமும் வரவில்லை, எஸ்எஸ்ஹெச்சும் வரவில்லை என்றால் முதலில் மகிழ்ச்சி அடையுங்கள், பெட்டி தன் வேலையைச் செய்கிறது. பிஎஃப்சென்ஸ் இயல்பாகவே வேன், அதாவது வெளி இணையப் பக்கத்திலிருந்து வரும் எல்லாவற்றையும் பதில் சொல்லாமல் கீழே போட்டுவிடும். பூட்டிக்கொள்ளாமல் இருக்க உதவும் ஆன்டி-லாக்அவுட் ரூல் லேன், அதாவது உள் நெட்வொர்க் பக்கத்துக்கு மட்டுமே.

இங்கே பலர் செய்ய நினைப்பது, அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டு வேன் பக்கம் 443-ஐத் திறந்துவிடச் சொல்வது. வேண்டாம். வெர்ஷன் பழையதோ என்ற சந்தேகத்தில்தானே பார்க்கப் போகிறோம், பழையதாக இருக்கக்கூடிய ஒரு நிர்வாகப் பக்கத்தை உலகத்துக்கே திறந்து வைப்பது எந்த வகையிலும் சரியில்லை. விபிஎன் இல்லாவிட்டால், கிளையில் இருக்கும் ஒரு கணினியை ரிமோட் டெஸ்க்டாப் மாதிரி ஏதாவது ஒன்றில் பிடித்து, அதன் பிரவுசரிலிருந்து லேன் முகவரியைத் திறக்கச் சொல்லுங்கள். யாரும் மாற்றியிருக்காவிட்டால் அது 192.168.1.1.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிளைப் பெட்டியின் வேன் முகவரி 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், இணைய சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது வெளியிலிருந்து நீங்கள் எந்த போர்ட்டைத் திறந்தாலும் உள்ளே வர முடியாது. விபிஎன் டனலைக் கிளைப் பக்கத்திலிருந்து தொடங்கி உங்கள் தலைமை அலுவலகத்துக்கு வரும்படி அமைப்பதுதான் வழி.

அறிகுறி: விபிஎன் வழியாக வருகிறேன், ஆனாலும் எஸ்எஸ்ஹெச் இணையவில்லை

இங்கே திரையில் வரும் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வகை மறுப்பும் வேறொரு இடத்தைக் காட்டுகிறது.

கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்று உடனே வந்தால் அது நல்ல செய்தி. உங்கள் பாக்கெட் பெட்டிவரை போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே 22-ஆம் போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை, அவ்வளவுதான். பிஎஃப்சென்ஸில் எஸ்எஸ்ஹெச் இயல்பாக அணைந்தே இருக்கும். வெப் பக்கம் திறக்கிறதென்றால் சிஸ்டம், அட்வான்ஸ்டு, அட்மின் ஆக்சஸ் என்று போய் செக்யூர் ஷெல் பகுதியில் அதை இயக்கலாம். இது மாற்றம்தான், ஆனால் ஓடும் டிராஃபிக்கைத் தொடாத மாற்றம். வேறு போர்ட்டில் வைத்திருக்கிறார்களா என்றும் அங்கேயே தெரியும்.

நெடுநேரம் காத்திருந்து டைம்அவுட் ஆனால் வழியில் எங்கோ ஒரு ரூல் பிடிக்கிறது, அல்லது ரவுட்டிங் இல்லை. ஃபயர்வால், ரூல்ஸ் பக்கத்தின் ஓபன்விபிஎன் அல்லது வயர்கார்டு டேபில் இந்த ஃபயர்வாலின் 22, 443 போர்ட்டுகளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். டனல் இணைந்திருப்பதும் டனலுக்குள் அனுமதி இருப்பதும் வேறு வேறு.

நோ மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப் என்றோ, கீ எக்ஸ்சேஞ்ச் முறை பொருந்தவில்லை என்றோ வந்தால், உங்கள் கணினி புதியது, அந்தப் பெட்டி மிகப் பழையது. ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8 வெர்ஷன் 2021-இல் வந்தபோது எஸ்ஹெச்ஏ-1 அடிப்படையிலான பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக நிறுத்திவிட்டது. அதற்கு வெகுமுன்பே, 2015-இல் வந்த 7.0-இல், டிஃபி-ஹெல்மன் குரூப் 1 முறையும் போய்விட்டது. இதன் இன்னொரு முகம்: பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளே விடுகிறது, அதே கணக்குக்கு ஆர்எஸ்ஏ கீ கொடுத்தால் விடுவதில்லை. அந்தப் பக்கம் இருப்பது 7.2-க்கு முந்தைய ஓபன்எஸ்எஸ்ஹெச் என்றால் எஸ்ஹெச்ஏ-2 கையெழுத்து அதற்குத் தெரியாது, அதனால்தான். அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் கமாண்டிலேயே பழைய முறையைப் பிளஸ் குறி போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம், உங்கள் கணினியின் பொதுவான அமைப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். உள்ளே நுழைவதற்கு முன்பே உங்களுக்குப் பதில் பாதி கிடைத்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்: இந்தப் பிழை வருகிற பெட்டியில் ஓடுவது நிச்சயம் பல ஆண்டு பழைய வெர்ஷன்.

ஹோஸ்ட் கீ (பெட்டியின் அடையாளக் கீ) மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால் உடனே பழைய கீயை அழித்துவிட்டுத் தொடராதீர்கள். பெட்டியை யாராவது புதிதாக இன்ஸ்டால் செய்திருந்தால் கீ மாறும், அது இயல்பு. ஆனால் அப்படி நடந்ததா என்று அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடருங்கள். புதிய இன்ஸ்டால் என்றால் வெர்ஷனும் மாறியிருக்கும், பழைய குறிப்பு எதையும் நம்ப வேண்டாம்.

இதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த இணைப்பு பாஸ்வேர்டைச் சில முறை தவறாகக் கொடுத்ததும் திடீரென்று சத்தமே இல்லாமல் நின்றுபோனால், தவறான லாகின் முயற்சிகளைக் கவனிக்கும் எஸ்எஸ்ஹெச்கார்டு உங்களைத் தடுத்திருக்கிறது. இயல்பான அமைப்பில் முதல் தடை 120 வினாடி, திரும்பத் திரும்ப முயன்றால் நீண்டுகொண்டே போகும். வெப் பக்கமும் சேர்ந்தே நின்றுவிடுவதால் பெட்டியே விழுந்துவிட்டது என்று பயந்துபோய் அங்கிருப்பவரிடம் பவரை அணைத்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. காத்திருங்கள், அல்லது வேறு முகவரியிலிருந்து நுழைந்து டயக்னாஸ்டிக்ஸ், டேபிள்ஸ் பக்கத்தில் எஸ்எஸ்ஹெச்கார்டு பட்டியலிலிருந்து உங்கள் முகவரியை நீக்குங்கள். மேலே சொன்ன லூப் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் கணினியின் முகவரியை லாகின் புரொட்டெக்ஷன் பகுதியின் பாஸ் லிஸ்ட்டில் முன்கூட்டியே சேர்த்துவைப்பது நல்லது.

அறிகுறி: வெப் பக்கம் திறக்கிறது, ஆனால் டிஎன்எஸ் ரீபைண்ட் தாக்குதல் என்று பயமுறுத்துகிறது

தாக்குதல் எதுவும் இல்லை. பெட்டிக்குத் தன் பெயர் என்று தெரியாத ஒரு பெயரில் நீங்கள் அதைத் திறந்திருக்கிறீர்கள். பெயருக்குப் பதில் ஐபி முகவரியைப் போட்டுத் திறந்தால் போய்விடும். இன்னும் சுத்தமான வழி, எஸ்எஸ்ஹெச் போர்ட் ஃபார்வர்டிங்: உங்கள் கணினியின் 8443-ஐப் பெட்டியின் 127.0.0.1, 443-க்கு இணைத்துவிட்டு, உங்கள் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8443-ஐத் திறங்கள். லோக்கல்ஹோஸ்ட் வழியாக வருவதை பிஎஃப்சென்ஸ் ஏற்றுக்கொள்ளும். இந்தச் சோதனையையே அணைத்துவைக்கும் டிக் பெட்டி அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

502 அல்லது 504 பிழை வந்தால் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, பின்னால் இருந்து பக்கத்தை உருவாக்கும் பிஹெச்பி தொங்கிவிட்டது. வெர்ஷன் பார்க்க அது எழுந்திருக்கவே வேண்டியதில்லை, எஸ்எஸ்ஹெச்சில் பார்த்துவிடலாம். எழுப்பத்தான் வேண்டுமென்றால் மெனுவில் 16, பிறகு 11. இரண்டும் வெப் பக்கத்தை மட்டுமே தொடும், டிராஃபிக் நிற்காது. கை தவறி 5 அழுத்தினால் ரீபூட், 4 அழுத்தினால் ஃபேக்டரி ரீசெட், இரண்டும் கேட்டுவிட்டுத்தான் செய்யும் என்றாலும் தூரத்திலிருந்து அந்த எண்களின் பக்கம் போகாமலிருப்பதே மேல்.

அறிகுறி: டாஷ்போர்டில் வெர்ஷன் தெரிகிறது, கீழே அப்டேட்டைச் சரிபார்க்க முடியவில்லை என்கிறது

இங்கே இரண்டு தனித்தனிச் செய்திகள் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. மேலே இருக்கும் எண் பெட்டிக்குள்ளிருந்து படித்தது, அதை நம்பலாம். கீழே இருப்பது வெளியே இருக்கும் சர்வரிடம் கேட்டு வாங்க வேண்டிய பதில், அது வரவில்லை என்பதற்காக மேலே இருக்கும் எண் தவறாகிவிடாது. உங்களுக்கு ஓடும் வெர்ஷன் மட்டும் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் பதில் ஏன் வரவில்லை என்று பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் அடுத்து நீங்கள் அப்டேட் செய்யப்போகும்போது இதே சுவரில்தான் முட்டுவீர்கள். நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. ஷெல்லில் டேட் கமாண்டை ஓட்டிப் பாருங்கள். சின்னப் பெட்டிகளில் பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் அல்லது வைக்கவே இல்லாமல் இருக்கும், கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். நேரம் தவறாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பெட்டி நினைக்கும், அதனால் இணைப்பை மறுக்கும். இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபி தானாகச் சரிசெய்துவிடாதா என்றால், அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது: பெயர்களை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் ரிசால்வரில், பதில்களின் கையெழுத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் இயங்கினால், நேரம் தவறாக இருக்கும்போது கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்றுப்போகும், பெயரை முகவரியாக மாற்ற முடியாது, என்டிபி சர்வரின் பெயரையும் மாற்ற முடியாது, அதனால் நேரம் சரியாகவே ஆகாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இரண்டும் நின்றுவிடும். என்டிபி பட்டியலில் ஒன்றையாவது பெயராக இல்லாமல் ஐபி முகவரியாகக் கொடுத்துவைத்தால் இந்த முடிச்சு விழாது.

கடிகாரம் சரி என்றால் அடுத்தது ஐபிவி6. கிளையின் இணைப்பில் ஐபிவி6 முகவரி கிடைத்திருக்கும், ஆனால் வெளியே போகாது. பெட்டி அதையே முதலில் முயன்று தொங்கிக்கொண்டிருக்கும். சிஸ்டம், அட்வான்ஸ்டு, நெட்வொர்க்கிங் பக்கத்தில் ஐபிவி4-க்கு முன்னுரிமை கொடுக்க ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அப்புறம் டிஃபால்ட் கேட்வே சரியாக இருக்கிறதா, பெட்டியே ஒரு பெயரைத் தேடினால் பதில் வருகிறதா என்று பாருங்கள். கணினிகளுக்கு இணையம் வருவதால் பெட்டிக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கணினிகள் வேறு டிஎன்எஸ் சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

2.7 தொடரில் சான்றிதழ்ப் பட்டியல் சரியாக அடுக்கப்படாததாலும் இதே செய்தி வருவதுண்டு, ஷெல்லில் செர்ட்சிடிஎல் ரீஹாஷ் என்ற கமாண்டை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அப்டேட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க மெனுவில் 13 அழுத்தாதீர்கள். அது அப்டேட்டைத் தொடங்கும் வழி. தொடரட்டுமா என்று கேட்கும்தான், ஆனால் கேட்பதற்கு முன்பே பேக்கேஜ் கருவிகளைப் புதுப்பித்துவிடக்கூடும். வெறுமனே பார்க்க, ஷெல்லில் பிஎஃப்சென்ஸ்-அப்கிரேடு கமாண்டை மைனஸ் சி கொடுத்து ஓட்டுங்கள். கூடவே மைனஸ் டி கொடுத்தால் எங்கே தடுக்கிறது என்பதையும் விரிவாகக் காட்டும்.

அறிகுறி: லேட்டஸ்ட் வெர்ஷன்தான் என்கிறது, ஆனால் பார்த்தால் பழையது

மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று, டாஷ்போர்டு அந்தப் பதிலை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதில்லை. எப்போது சரிபார்த்தது என்று நேரம் போட்டிருக்கும், பக்கத்தில் புதுப்பிக்கும் குறி இருக்கும், அதை அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு, சிஸ்டம், அப்டேட் பக்கத்தின் அமைப்பில் எந்த வெளியீட்டு வரிசை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பது. முந்தைய ஸ்டேபிள் வெர்ஷனைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், அந்த வரிசையில் அதுதான் லேட்டஸ்ட், பெட்டி சொல்வது சரிதான், கேள்விதான் தவறு.

மூன்றாவது காரணம் வன்பொருள். ஆலிக்ஸ் பெட்டிகள் ஏஎம்டி ஜியோட் பிராசஸரில் ஓடும் 32 பிட் பலகைகள். 2017 அக்டோபரில் வந்த 2.4.0-இலிருந்து பிஎஃப்சென்ஸ் 32 பிட் இன்டெல் வகையையும் (ஏஎம்டி பிராசஸர்களும் இதில் அடக்கம்) நானோபிஎஸ்டி என்ற எம்பெடெட் வடிவத்தையும் கைவிட்டது. ஆகவே ஆலிக்ஸில் 2.3.5 தொடரோடு முடிந்தது, அதற்கு மேல் போகவே முடியாது. அங்கே 2.3.5 என்று கண்டால் அப்டேட் வழியைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், பெட்டியைத்தான் மாற்ற வேண்டும். இதை மேலாளரிடம் சொல்லத் தயங்காதீர்கள். பெட்டி இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது என்பார்கள், ஆண்டுக்கணக்காகத் திருத்தம் வராத ஃபயர்வால் ஓடுவதும் நன்றாக ஓடுவதும் ஒன்றல்ல என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் அந்தப் பழைய நானோபிஎஸ்டி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: அதன் ஃபிளாஷ் கார்டில் இரண்டு பகுதிகள் உண்டு, அப்டேட் எப்போதும் ஓடாத பகுதியில் எழுதும், ரீபூட்டுக்குப் பிறகு அங்கிருந்து எழும். எழவில்லை என்றால் பழைய பகுதியிலேயே நிற்கும். மவுண்ட் கமாண்டை ஓட்டினால் பிஎஃப்சென்ஸ்0, பிஎஃப்சென்ஸ்1 என்ற இரண்டு பெயர்களில் எது ரூட்டாக இருக்கிறது என்று தெரியும். அப்டேட் செய்தேன், வெர்ஷன் மாறவில்லை என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அறிகுறி: ஒரே பெட்டி, இடத்துக்கு ஒரு வெர்ஷன்

இதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய நிலை, மற்றவை எல்லாம் வழிப் பிரச்சினைகள். இடிசியில் இருக்கும் வெர்ஷன் ஃபைல் வெறும் உரை ஃபைல். அப்டேட் பாதியில் நின்றிருந்தாலும் அது மட்டும் மாறியிருக்கலாம். அதனால் மூன்று இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அந்த ஃபைல், யுனேம் காட்டும் கெர்னல், அப்புறம் பிகேஜி-ஸ்டாட்டிக் இன்ஃபோ கமாண்டை மைனஸ் எக்ஸ் பிஎஃப்சென்ஸ் என்று கொடுத்தால் வரும் பட்டியலில் பெயரில் பேஸ், கெர்னல் என்று வரும் பேக்கேஜ்களின் எண்கள். 2.6.0 என்றால் ஃப்ரீபிஎஸ்டி 12.3, 2.7 தொடர் என்றால் 14. வெர்ஷன் ஃபைல் 2.7.2 என்கிறது, கெர்னல் 12.3 என்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: அப்டேட்டுக்குப் பிறகு ரீபூட் ஆகவே இல்லை, அல்லது கெர்னல் பேக்கேஜ் எழுதும்போது தடுக்கிவிட்டது.

எது என்று கண்டுபிடிக்க சிஸ்சிடிஎல் வழியாக கெர்ன் டாட் பூட்டைம் மதிப்பைப் படியுங்கள். கடைசியாக எழுந்த நேரம் கிடைக்கும். அப்டேட் நடந்த நேரம் அதற்குப் பிந்தையது என்றால், புதியது வட்டில் இருக்கிறது, பழையது நினைவகத்தில் ஓடுகிறது. பாதுகாப்புக் கணக்கில் அந்தப் பெட்டி இன்னும் பழையதுதான், பட்டியலில் அப்படியே எழுதுங்கள்.

இந்த நிலையில் தூரத்திலிருந்து ரீபூட் கொடுப்பதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். டிஎஃப் கமாண்டில் இடம் மிச்சமிருக்கிறதா என்பது ஒன்று, சின்ன ஃபிளாஷ் உள்ள பெட்டிகளில் வட்டு நிரம்பித்தான் பாதி அப்டேட்டுகள் நின்றுபோகின்றன. மற்றொன்று, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் இன்ஸ்டால் செய்த பெட்டி என்றால் பிஇசிடிஎல் லிஸ்ட் கமாண்டு. அதில் ஒவ்வொரு பூட் என்விரான்மென்ட்டின் (பெட்டி எழக்கூடிய சிஸ்டம் நகலின்) பக்கத்திலும் என், ஆர் என்ற எழுத்துகள் இருக்கும். என் என்பது இப்போது ஓடுவது, ஆர் என்பது அடுத்த ரீபூட்டில் எழப்போவது. இரண்டும் ஒரே வரியில் இருந்தால் சரி. வெவ்வேறு வரியில் இருந்தால், இன்று நீங்கள் பார்த்து எழுதிக்கொண்ட வெர்ஷன் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு உண்மையாக இருக்காது.

இப்படிக் கலந்துபோவதற்கு இன்னொரு பொதுவான காரணம், அப்டேட் பக்கத்தில் புதிய வரிசையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்டேட் செய்யாமல், ஏதோ ஒரு பேக்கேஜை மட்டும் இன்ஸ்டால் செய்வது. அந்தப் பேக்கேஜ் தனக்கு வேண்டிய புதிய லைப்ரரிகளையும் இழுத்துக்கொண்டு வந்து பழைய சிஸ்டத்தின் மேல் உட்கார்ந்துவிடும், அதற்கப்புறம் பிஹெச்பி பிழைகள் வரிசையாக வரும். வெர்ஷன் பார்க்கப்போகும்போது பேக்கேஜ் மேனேஜர் பக்கத்தில் எதையும் அழுத்தாதீர்கள்.

அறிகுறி: எஸ்என்எம்பியில் கேட்டால் பதில் இல்லை

எஸ்என்எம்பி என்பது நெட்வொர்க் கருவிகளிடம் தூரத்திலிருந்து விவரம் கேட்கும் முறை. கண்காணிப்பு சர்வர் ஏற்கெனவே இருந்தால் இதுதான் மிக வசதியான வழி. 1.3.6.1.2.1.1.1.0 என்ற எண்ணைக் கேட்டால் பிஎஃப்சென்ஸ் தன் பெயர், வெர்ஷன், ஃப்ரீபிஎஸ்டி வெர்ஷன், பிராசஸர் வகை எல்லாவற்றையும் ஒரே வரியில் கொடுத்துவிடும். லாகின் தேவையில்லை, எதையும் மாற்றுகிற ஆபத்தும் இல்லை.

பதில் வராவிட்டால் முதலில் சர்வீசஸ் பக்கத்தில் எஸ்என்எம்பி இயங்குகிறதா என்று பாருங்கள், இயல்பில் அணைந்திருக்கும். இயங்குகிறது, யுடிபி 161-க்கு அனுமதியும் இருக்கிறது, பிங்கும் போகிறது, ஆனாலும் பதில் இல்லை என்றால், ஐபிசெக் டனல் வழியாக வருகிறீர்களா? அப்படியென்றால் பெட்டி பதிலை லேன் முகவரியிலிருந்து அனுப்பாமல் வேன் முகவரியிலிருந்து அனுப்பியிருக்கலாம், அது டனலுக்குள் நுழையவே நுழையாது. எஸ்என்எம்பி அமைப்பில் லேன் இன்டர்ஃபேஸோடு மட்டும் பிணைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எஸ்என்எம்பியில் பாஸ்வேர்டு மாதிரி பயன்படும் கம்யூனிட்டி சொல் பாக்கெட்டில் மறைப்பில்லாமல் போகிறது என்பதால் டனலுக்கு வெளியே இதைப் பயன்படுத்தவே கூடாது, பப்ளிக் என்ற இயல்பான சொல்லையும் விட்டுவைக்கக் கூடாது.

அறிகுறி: ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வேறு வெர்ஷன்

ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் கார்ப் முறையில் இரண்டு பெட்டிகள் ஜோடியாக இருக்கும் இடங்களில் மட்டும் வரும். நீங்கள் திறப்பது இரண்டுக்கும் பொதுவான விஐபி (விர்ச்சுவல் ஐபி) முகவரி, அந்த நேரத்தில் யார் மாஸ்டரோ அவர் பதில் சொல்கிறார். இரண்டையும் அவரவர் சொந்த முகவரியில் தனித்தனியாகப் பாருங்கள். வெர்ஷன் வித்தியாசப்படுகிறது என்றால் மாஸ்டரில் இன்னொரு அறிவிப்பும் வந்திருக்கும், மறுபக்கத்தின் கான்ஃபிகரேஷன் வெர்ஷன் வேறு, அதனால் சிங்க் செய்யப்போவதில்லை என்று. ஆரம்பத்தில் ஒதுக்கிவைத்த அந்த நான்காவது எண் இங்கேதான் உபயோகப்படுகிறது. இந்த அறிவிப்பைக் கண்டால் அவசரப்பட்டு எதையும் அழுத்தாமல், மாஸ்டரில் கடைசியாகச் செய்த ரூல் மாற்றங்கள் எல்லாம் பேக்கப் பெட்டியிலும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்க் எப்போது நின்றதோ அன்றிலிருந்து இரண்டும் வேறு வேறு ஃபயர்வால்.

அறிகுறி: பிஎஃப்சென்ஸ் வெர்ஷன் கிடைத்தது, பலகையின் ஃபர்ம்வேர் தெரியவில்லை

ஏபியு மாதிரி இன்டெல் வகைப் பலகைகளில் ஷெல்லிலேயே கிடைக்கும். கென்வ் கமாண்டோடு எஸ்எம்பயாஸ் டாட் பயாஸ் டாட் வெர்ஷன் என்று கொடுங்கள், வெர்ஷன் என்ற இடத்தில் ரெல்டேட் என்று போட்டால் அதன் தேதியும் வரும். ஏபியுவில் பயாஸாக கோர்பூட் ஓடுவதால் பெரும்பாலும் நான்கில் தொடங்கும் ஒரு எண் வரும். 4.0 வரிசை என்றால் பழைய வழி. ஏபியு2-இல் பிராசஸர் 1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.4 வரை எழும்பும் வசதி 4.9 தொடரில்தான் இயக்கப்பட்டது, அதனால் பெட்டி மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கும் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

நெட்கேட் 1100 போன்ற ஏஆர்எம் பெட்டிகளில் கென்வ் காலியாக வரக்கூடும். அப்போது பூட்லோடரான யு-பூட்டின் வெர்ஷனை, பெட்டி எழும்போது சீரியல் கன்சோலில் ஓடும் முதல் வரிகளில் பார்க்கலாம். அதற்கு அங்கே ஒருவர் வேண்டும்: பெட்டியின் மைக்ரோ யுஎஸ்பி கன்சோல் போர்ட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள், டெர்மினலில் வேகம் 115200, 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். ஏபியு என்றால் ஒன்பது பின் நல் மோடம் கேபிள். எழுத்துகள் குப்பையாக வந்தால் வேகம் தவறு, மிகப் பழைய இன்ஸ்டால்களில் 9600-ஐ முயன்று பாருங்கள். வரிகளைப் பார்க்க ரீபூட் தேவை என்பதால் அலுவலகம் முடிந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், லேப்டாப்பின் டெர்மினலில் லாக் எழுதுவதை முதலிலேயே இயக்கச் சொல்லுங்கள், முதல் வரிகள் கண் இமைக்கும் நேரத்தில் மேலே போய்விடும், அதற்காக இன்னொரு ரீபூட் கொடுக்க வேண்டி வரக் கூடாது.